எண்ணுக்குக் கட்டும் வாடகை

பிழைப்புக்காக வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் சென்ற தமிழர்களில் பலர், தாமும் அதிலிருந்து அழைக்காத, பிறரும் அதற்கு அழைக்காத ஓர் இந்தியக் கைபேசி எண்ணுக்கு விடாமல் ரீசார்ஜ் செய்துவருகின்றனர். பேச்சு முழுவதும் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்ட பின்னும் இச்செலவு நிற்காததற்குக் காரணம், அந்த எண் இன்று ஆளை அடையாளம் காட்டும் சான்றாக மாறிவிட்டதுதான். இணையவழி அட்டைப் பரிவர்த்தனைக்கு இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என ரிசர்வ் வங்கி 2009இல் கட்டாயமாக்கிய பின், வங்கிகள் நாளடைவில் பெரும்பாலும் பற்றிக்கொண்ட வழி ஓடிபி, அதாவது ஒரே ஒருமுறை செல்லுபடியாகும் கடவு எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்புவது. வருமான வரிப் படிவத்தை ஆதார் வழியே உறுதிசெய்வது வரை பின்னர் வந்த பல சேவைகளும் அதே தடத்தில் நடந்தன.

எண்ணோ சந்தாதாரரின் சொத்தன்று; தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு அரசு ஒதுக்க, அவை பயன்பாட்டுக்கு விடும் பொருள் அது. 90 நாள்களுக்குக் குறைவான காலம் பயன்படுத்தவில்லை என்பதற்காக முன்கட்டண எண்ணைத் துண்டிக்கக் கூடாது என்றும், அதற்குப் பின்னரும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு எண்ணைக் காக்க வேண்டும் என்றும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013இல் விதித்தது. ஆனால் 2018இன் இறுதியில் தனியார் நிறுவனங்கள் 28 நாளைக்கு 35 ரூபாய் என்ற குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்து, வேலிடிட்டி முடிந்தால் உள்வரும் அழைப்பும் நிற்கும் என்றாக்கியதால், அந்த 20 ரூபாய்ப் பாதுகாப்பு பெருமளவு ஏட்டளவில் நின்றுவிட்டது. டேட்டா தேவைப்படாதோருக்குக் குரலும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் ஆணையிட்ட பிறகு, ஏர்டெல் 1,849 ரூபாய்க்கு ஓராண்டுத் திட்டத்தை வெளியிட்டது. வங்கி தன் வசதிக்குத் தேர்ந்த பூட்டுக்கு வாடிக்கையாளர் வேறொரு நிறுவனத்திடம் வாடகை கட்டுகிறார் என்பதே இதன் சாரம். இதில் நியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை.

பணம் கட்டினால் மட்டும் போதாது. வெளிநாட்டு வலையமைப்பில் இந்திய சிம் இயங்குவதற்கான ரோமிங் வசதியைத் திறந்துவைக்க வேண்டும். அப்போதுதான் உள்வரும் குறுஞ்செய்தி, பொதுவாகக் கட்டணமின்றியே, வந்து சேரும். இதைத் தவறவிட்டவர்களும் தவிர்த்தவர்களும் சிம்மை ஊரிலுள்ள தாயிடமோ தம்பியிடமோ விட்டுச் செல்கின்றனர். யாரிடமும் பகிரவேண்டாம் என்ற எச்சரிக்கையோடு வரும் கடவு எண், உடனே வாட்ஸ்அப் அழைப்பில் உரக்க வாசிக்கப்படுகிறது; பாதுகாப்புக்கென்று வகுத்த ஏற்பாடே குடும்பங்களை அதை மீறப் பழக்கிவிட்டது.

சிம் தொலைந்தாலோ பழுதானாலோ, மாற்று சிம்முக்கு உரியவர் அடையாளச் சான்றுடன் பெரும்பாலும் நேரில் வர வேண்டியிருப்பதால், ஒரு குறுஞ்செய்திக்காக விமானச்சீட்டு வாங்க நேரும் நிலையும் உண்டு. எண் முற்றிலும் துண்டிக்கப்பட்டால், 90 நாள் இடைவெளிக்குப் பிறகு அதை வேறொருவருக்கு ஒதுக்கலாம் என்பதால், முன்னவரின் வங்கிச் செய்திகள் முன்பின் அறியாதவரின் கைபேசியில் ஒலிக்கக்கூடும்.

மாற்றம் மெல்ல வருகிறது. என்ஆர்ஐ எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியரின் என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகளை, சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன் உள்ளிட்ட 10 நாடுகளின் கைபேசி எண்களைக் கொண்டே, கைபேசிவழிப் பணப்பரிமாற்ற முறையான யூபிஐயில் இணைக்க, தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2023இல் வழிவிட்டது. குறுஞ்செய்தி ஓடிபியை மட்டுமே சாராத சரிபார்ப்பு முறைகளுக்கு இடமளிக்கும் ரிசர்வ் வங்கி விதிகள் நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டது. ஆயினும் ஆதார் ஓடிபி வெளிநாட்டு எண்ணுக்கு வருவதில்லை. அது மாறாதவரை, வங்கிகள் எவ்வளவு தளர்ந்தாலும், அயலகத் தமிழர் தம் பழைய எண்ணுக்கான ரீசார்ஜை நிறுத்தத் துணியமாட்டார்.