கேஸ் வாடை வந்தால் சிம்னியைத் தொடாதீங்க!

சிம்னி வாங்கப் போனால் கடைக்காரர் சக்‌ஷன் பவர் பற்றி அரை மணி நேரம் பேசுவார். கேஸ் வாடை அடித்தால் அதன் ஸ்விட்ச்சைத் தொடக் கூடாது என்பதைச் சொல்ல மாட்டார்.

'புகையை இழுக்கிற மெஷின் கேஸை இழுக்காதா?' என்று தோன்றும். எல்பிஜி காற்றைவிட கனமானது, தரையோடு தங்கும். தலைக்கு மேலே இருக்கும் சிம்னிக்கு அது எட்டாது. ஆனால், ஸ்விட்ச் போடும்போது வரும் சின்னப் பொறியே தீப்பிடிக்கப் போதும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906-க்கு போன் செய்யுங்கள்.

மாட்டும்போது அடுப்புக்கும் சிம்னிக்கும் சுமார் 2 முதல் 2.5 அடி இடைவெளி வேண்டும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு மேனுவலில் இருக்கும். புகைக்குழாய் அதிகம் வளையாமல் வெளிச்சுவரைத் தாண்ட வேண்டும். சிலர் பரணுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், விடாதீர்கள்!

வடை, அப்பளம் என்று அடிக்கடி பொரிக்கும் வீட்டில் ஃபில்டரில் பிசுக்கு சீக்கிரம் சேரும். அது தீப்பிடிக்கக்கூடியது. மாதம் ஒருமுறையாவது வெந்நீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து ஊறவைத்துத் தேயுங்கள். கடாயில் எண்ணெய் பற்றிக்கொண்டால், அடுப்பையும் சிம்னியையும் அணைத்துவிட்டு மூடி போடுங்கள். தண்ணீர் கூடவே கூடாது.

'எங்களுது ஆட்டோ க்ளீன்' என்பவர்களே, எண்ணெய்க் கிண்ணத்தை நீங்கள்தான் கொட்ட வேண்டும்!