மஞ்சளை மருந்தென்று விற்கலாமா?



"மூட்டு வீக்கத்துக்கு ஏதாவது கொடுங்கள் அண்ணாச்சி" என்று கேட்டு வருபவரிடம் மஞ்சளையும் சுக்கையும் கட்டிக் கொடுத்து, "பத்தே நாளில் சரியாகும்" என்கிறோம். இது முறைதானா?

முடக்குவாதம் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தினால் விரல்கள் கோணிப்போகலாம், பிறகு நேராகா. மஞ்சளில் வீக்கம் தணிக்கும் குர்குமின் உண்டு. ஆனால் 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம்தான். அதிலும் உடலில் சேருவது சொற்பமே. மீன் எண்ணெய் வலியை ஓரளவு குறைக்கும். யூரிக் அமிலத்தால் வரும் கவுட் நோய்க்கு ஆட்டு ஈரல், பீர், இனிப்புக் குளிர்பானம் ஆகாது. உணவு துணை செய்யும், மருந்துக்கு ஈடாகாது.

வாத நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. முகவரியில்லாத மூட்டுவலிச் சூரணங்களில் ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்டதும் உண்டு. மொத்த வியாபாரிகளான நாங்களும் அத்தகைய பொட்டலங்களைச் சரக்கோடு அனுப்பியிருக்கிறோம். இனி அனுப்புவதில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

மஞ்சளைக் கலப்படமின்றி, சரியான எடையில் கொடுப்போம். கூடவே "மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்றும் சொல்வோம். நம் சொல் பொய்த்தால், அந்த வாடிக்கையாளர் அரிசி பருப்புக்கும் நம் கடைப் படி ஏறமாட்டார்.