பிளேடு மழுங்கினால் புல் காட்டிக்கொடுக்கும்

புல் வெட்டிய மறுநாள் காலையில் குனிந்து ஒரு புல்லின் நுனியைப் பார்த்தால் போதும், வெட்டிய மிஷினின் பிளேடு எந்த நிலையில் இருந்தது என்று தெரிந்துவிடும். கூரான பிளேடு பட்ட நுனி நேராகவும் பச்சையாகவும் நிற்கும். மழுங்கிய பிளேடு பட்ட நுனி நார் நாராகக் கிழிந்து முதலில் வெளுக்கும், ஓரிரு நாளில் பழுப்பாகும். சென்னையில் சாந்தோமிலும் பட்டினப்பாக்கத்திலும் மயிலாப்பூரிலும் பள்ளி வளாகம், அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றம், சாலையோரப் பூங்கா என்று புல்தரை இருக்கும் இடங்களில் எல்லாம் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

பார்க்கிறவர்கள் இந்தப் பழுப்பைப் பெரும்பாலும் தாகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உடனே குழாய் திறக்கப்படுகிறது. கிழிந்த நுனிக்குத் தண்ணீர் மருந்தாகாது. காயம் ஆறத் தாமதமாகும். அதற்குள் பூஞ்சை நோய் நுழையவும் வழி கிடைக்கும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, தெருத்தெருவாகக் குடங்கள் வரிசையில் நின்றதைப் பார்த்த ஊர் இது. பிளேடு செய்த தவறுக்குத் தண்ணீரைச் செலவழிப்பதை இந்த ஊர் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது.

எரிபொருள் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஆய்வாளர்கள் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், மழுங்கிய பிளேடால் வெட்டியபோது பெட்ரோல் செலவு 22 சதவீதம் கூடியது. வெட்ட முடியாத பிளேடு புல்லை அடித்துத்தான் வீழ்த்த வேண்டும். அந்த அடிக்கு எஞ்சின் கூடுதலாக உழைக்கிறது. அதிர்வு கூடுவதால் மிஷினைத் தள்ளுகிறவரின் மணிக்கட்டும் தோளும் சேர்ந்து உழைக்கின்றன.

இந்த நிலையில்தான் "தானே கூர் தீட்டிக்கொள்ளும்" இணைப்புகள் கவனத்தை ஈர்க்கின்றன. புல்வெட்டும் மிஷினின் மூடிக்குள் ஒரு சாணைக்கல்லைப் பொருத்தி, நெம்புகோலை அழுத்தினால் சுழலும் பிளேடின் விளிம்பைச் சில விநாடிகள் கல் உரசும்படி செய்வது ஒரு வகை. பிளேடின் ஒரு பக்கத்தில் மட்டும் டங்ஸ்டன் கார்பைடு போன்ற கடினமான பூச்சைக் கொடுத்து, மறுபக்கம் தேயத் தேயக் கூர் தானாக வெளிப்படும்படி செய்வது இன்னொரு வகை. மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தில் இதே எண்ணத்தை ஓரிகன் என்ற நிறுவனம் 'பவர்ஷார்ப்' என்ற பெயரில் விற்பனைக்கே கொண்டுவந்தது. பிளேடைக் கழற்ற வேண்டாம், கடைக்குத் தூக்க வேண்டாம், சில விநாடிகளில் வேலை முடியும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

இந்த எண்ணத்துக்கு 200 வருஷத்துக்கு மேல் வயதாகிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் இரும்பு வார்ப்பாலை நடத்திய ராபர்ட் ரான்சம், 1803-இல் ஏர்க்கொழுவுக்கு ஒரு காப்புரிமை பெற்றார். வார்ப்பின் ஒரு பக்கத்தை மட்டும் சட்டென்று குளிரவைத்தால் அந்தப் பக்கம் மிகக் கடினமாகிவிடும். மெதுவாகக் குளிரும் மறுபக்கம் மென்மையாகவே இருக்கும். உழும்போது மென்மையான பக்கம் முதலில் தேயும், கடினமான பக்கம் கூர்முனையாக நிற்கும். மண்ணே கொழுவைத் தீட்டிக்கொடுக்கும். சென்னையின் சாக்கடைகளில் ஓடும் பெருச்சாளியின் முன்பல்லிலும் நடப்பது இதுதான்: முன்பக்கம் மட்டும் கடினமான எனாமல், பின்பக்கம் மென்மையான பல்திசு. கடிக்கக் கடிக்கக் கூராகிறது.

ரான்சமின் அதே நிறுவனம் 1832 முதல் புல்வெட்டும் மிஷினும் தயாரித்தது. அந்த மிஷினுக்கு இரண்டு வருஷம் முன்பு, 1830-இல், காப்புரிமை பெற்றவர் எட்வின் பியர்ட் பட்டிங். கம்பளித் துணி ஆலைகளில் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைச் சீவிவிடும் உருளை மிஷினைப் பார்த்து, துணிக்குப் பதில் புல்லை வைத்து யோசித்தவர் அவர். உருளையில் சுருளாகப் பொருத்திய பிளேடுகள் கீழே நிலையாக இருக்கும் ஒரு தகட்டோடு சேர்ந்து கத்திரிக்கோலைப் போலப் புல்லை நறுக்கும். கிரிக்கெட் மைதானங்களில் ஆடுகளத்தை வெட்ட இன்றும் இந்த உருளை மிஷின்தான். இதில் கூர் தீட்டும் முறையும் தனி: உருளையைப் பின்னோக்கிச் சுழலவிட்டு, சாணைப் பசையைத் தடவினால், பிளேடும் தகடும் ஒன்றையொன்று தீட்டிக்கொள்ளும். தானே கூராவதற்கு மிக அருகில் வரும் முறை இதுவே.

ஆனால் குடியிருப்புகளும் பூங்காக்களும் வாங்குவது உருளை மிஷின் அல்ல, சுழல் மிஷின். ஒற்றை பிளேடு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்று. பிளேடு 21 அங்குலம் என்றால் அதன் நுனி மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கீழே ஏந்திக்கொள்ள எதிர்த்தகடு கிடையாது. வேகத்தையும் கூரையும் மட்டும் நம்பி நடக்கும் வெட்டு அது. கூர் போனால் வேகம் மட்டும் மிஞ்சும்.

சாந்தோமில் அந்தக் கூர் வெகு சீக்கிரம் போகும். முதல் காரணம் மணல். சுழல் மிஷின் புல்லை நிமிர்த்துவதற்காகத் தரையிலிருந்து காற்றை மேலே இழுக்கிறது. காற்றோடு மணலும் வரும். கடற்கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. பிளேடின் எஃகு பொதுவாக 6-ஐ ஒட்டித்தான் நிற்கும். ஒவ்வொரு மணல் துகளும் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி உருட்டிவிடுகிறது. செம்மண் தோட்டத்தில் பல வாரம் தாங்கும் கூர், கடலிலிருந்து நானூறு ஐந்நூறு அடி தள்ளி இருக்கும் மணல்தரையில் அத்தனை நாள் தாங்காது.

இரண்டாவது உப்புக்காற்று. இந்தப் பகுதியில் வீடு கட்டியவர்களுக்கு, ஜன்னல் கம்பியையும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் போல்ட்டையும் மாற்றியவர்களுக்கு, இதை விளக்க வேண்டியதில்லை. புதிதாகத் தீட்டிய விளிம்பு பளபளக்கும் வெறும் எஃகு. ஈரப் புல்லின் சாறு ஒட்டியபடி ஷெட்டில் இரண்டு நாள் கிடந்தால் துரு அந்த மெல்லிய விளிம்பில்தான் முதலில் பிடிக்கும். வெட்டாமல் சும்மா கிடக்கும்போதுகூட இங்கே பிளேடு மழுங்குகிறது என்பது மிகையல்ல.

தானே தீட்டும் இணைப்பு இந்த இரண்டையும் சமாளிக்குமா? ஓரளவுக்குத்தான். மெல்ல உருண்டுபோன விளிம்பை அது சீர்செய்யும். புல்லுக்குள் ஒளிந்திருக்கும் செங்கல் துண்டிலோ தண்ணீர்க் குழாயின் மூடியிலோ மோதி விழுந்த பல்லை அது எடுக்காது. பிளேடில் ஒரு விரிசல் ஓடியிருந்தால் அதற்குத் தெரியாது. ஒரு முனை மற்றதைவிட அதிகம் தேய்ந்து எடை மாறியிருந்தால் அதையும் அது கவனிக்காது. அப்படி எடை மாறிய பிளேடு அந்த வேகத்தில் சுழலும்போது மிஷினின் தண்டையும் பேரிங்கையும் ஆட்டியே கெடுத்துவிடும். மூடிக்குள் இருக்கும் கல்லின்மேல் ஈரப்புல்லும் மணலும் பசைபோல அப்பிக்கொண்டால் அது உரசுவது பிளேடை அல்ல, அந்த அப்பத்தை. இணைப்பை வாங்கிவிட்டோம், இனி பிளேடைக் கழற்ற வேண்டாம் என்று ஒரு நிர்வாகம் முடிவுசெய்தால் அதுதான் ஆபத்து.

பிளேடைக் கழற்றிக் கண்ணால் பார்த்துக் கையால் தீட்டும் வேலைக்கு இந்த ஊரில் ஆள் இல்லாமல் போகவில்லை. கடற்கரையோர லூப் ரோட்டில் நொச்சிக்குப்பத்தின் மீன் அங்காடிக்குப் போனால் தெரியும். 366 கடைகளோடு 2024-இல் திறக்கப்பட்ட அந்த அங்காடியில் மீன் வெட்டுகிறவர்களுக்குக் கத்தி என்பது அன்றைய கூலி. வஞ்சிரத்தை வட்டம் வட்டமாகப் போட மழுங்கிய கத்தி உதவாது. சதை நைந்தால் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கூர் எப்போது குறைகிறது என்று அவர்கள் அட்டவணை பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, கைக்குத் தெரிகிறது. "கத்தி, கத்திரிக்கோல், அருவாமனை சாணை பிடிக்கிறதே" என்று சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்துக் கல்லைச் சுழற்றும் சாணைக்காரர்கள் முன்போல இல்லை; இருந்தாலும் மயிலாப்பூர்த் தெருக்களில் அந்தக் குரல் இன்னும் முற்றிலும் நின்றுவிடவில்லை.

அவர்கள் கையில் இருக்கும் கல்லுக்கும் தமிழ்நாட்டு மண்ணுக்கும் நெருங்கிய உறவு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி உள்ளிட்ட இடங்களில் கிடைத்த குருந்தக்கல்லைப் பொடித்து, உருக்கிய அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்ததுதான் பழைய சாணை. குருந்தத்தின் கடினம் மோஸ் அளவில் 9. பிளேடைச் சுரண்டும் குவார்ட்ஸையும் அது சுரண்டும். இன்று கடையில் வாங்கும் அலுமினியம் ஆக்சைடு சக்கரமும் ரசாயனப்படி அதே பொருள், தொழிற்சாலையில் செய்தது.

புல்வெட்டும் பிளேடைத் தீட்டுவது சமையல் கத்தியைத் தீட்டுவதுபோல் அல்ல என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். சவரக்கத்திக் கூர் தேவையில்லை. அத்தனை மெல்லிய விளிம்பு முதல் கல்லிலேயே மடங்கிவிடும். சுமார் 30 டிகிரி சாய்வு போதும். சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் எஃகு சூடேறும். 300 டிகிரியை ஒட்டி விளிம்பு நீலம் பூத்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், இனி அங்கே கூர் நிற்காது. அதனால் விட்டு விட்டுத் தீட்டி, தண்ணீரில் தோய்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு முனையிலும் ஒரே அளவு தேய்க்க வேண்டும். முடிந்ததும் சுவரில் அடித்த ஓர் ஆணியில் நடுத்துளையைக் கோத்துப் பிளேடைக் கிடையாகத் தொங்கவிட்டால், எந்த முனை தாழ்கிறதோ அங்கே இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும். சாணைக்காரர் ஒருவருக்கு இதை ஒரு மதியத்தில் காட்டிக்கொடுத்துவிடலாம்.

மிஷின் பழுதாகும் இடங்களில் பிரஷ் கட்டர் வந்துவிடுகிறது. தோளில் மாட்டி, நைலான் நரம்பைச் சுழற்றிப் புல்லைச் சீவும் கருவி. வேலியோரத்துக்கும் மரத்தடிக்கும் அது வேண்டியதுதான். ஆனால் முழுப் புல்தரையையும் அதால் அடிப்பது மழுங்கிய பிளேடால் வெட்டுவதற்குச் சமம். போதாததற்கு அந்த நரம்பு தேய்ந்து தேய்ந்து துணுக்குகளாக மண்ணிலேயே விழுகிறது. கடலுக்கு இத்தனை அருகில் அந்தப் பிளாஸ்டிக் துணுக்கு எங்கே போய்ச் சேரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சென்னைக்குப் புல்தரையே வேண்டாம், நாட்டுச் செடிகளும் மரங்களும் போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் நிறைய இருக்கிறது. கொரியன் புல்லைக் கோடையில் காப்பாற்றப் படும் பாடு அதற்குச் சாட்சி. அறுகம்புல் அப்படியல்ல, வெயிலையும் உப்பையும் தாங்கும். எந்தப் புல் என்றாலும், குழந்தைகள் விளையாடவும் முதியவர்கள் உட்காரவும் ஒரு தரையை வளர்த்துவிட்டால் அதை ஒழுங்காக வெட்டுவது கடமை.

மாநகராட்சிப் பூங்காக்களின் பராமரிப்பு ஒப்பந்தங்களிலும், குடியிருப்புச் சங்கங்கள் தோட்ட வேலைக்குப் போடும் ஒப்பந்தங்களிலும் பிளேடு பற்றி ஒரு பத்தி வேண்டும். எத்தனை முறை வெட்ட வேண்டும் என்பதோடு எத்தகைய பிளேடால் வெட்ட வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். சாதாரணமாக 20 முதல் 25 மணி நேர வேலைக்கு ஒருமுறை பிளேடைத் தீட்டச் சொல்வார்கள். இந்தக் கடலோர மணலில் அதைப் பாதியாக்குவதே நியாயம். ஒவ்வொரு மிஷினுக்கும் இரண்டு பிளேடு இருந்தால் ஒன்று சாணைக்குப் போகும்போது மற்றது வேலை செய்யும், வெட்டும் நாள் தள்ளிப்போகாது. பிளேடைத் தொடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும், கையுறை ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்பதையும் அதே பத்தியில் எழுதிவிடலாம். வேலை முடிந்ததும் பிளேடைத் துடைத்து எண்ணெய் தடவி வைக்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்கும் தோட்டக்காரருக்குக் கூலி உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இணைப்பு வாங்க வசதி உள்ள இடங்கள் தாராளமாக வாங்கட்டும், இரண்டு சாணைக்கு நடுவில் கூரைக் காப்பாற்ற அது உதவும்.

சாணைக்குக் கொடுக்கும் வேலையை அந்தந்த வட்டாரத்தின் தெருச் சாணைக்காரர்களுக்கே கொடுக்கலாம். பத்துப் பூங்காவின் பிளேடுகள் மாதாமாதம் வரும் என்றால் அந்தத் தொழிலில் இருப்பவருக்கு ஒரு நிரந்தர வருமானம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிட்டால் புல் வாரம் ஒருமுறை வெட்டும் அளவுக்கு வளரும், ஈரப் புல்லை மழுங்கிய பிளேடு இன்னும் மோசமாகக் கிழிக்கும். ஆகவே முதல் சுற்றுச் சாணை செப்டம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும்.