கூச்சத்தின் மீது பழி போடுவது எளிது

ஆங்கில வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளைப் பற்றி நம் ஆசிரியர் அறைகளில் நிலவும் கருத்து ஏறக்குறைய ஒன்றுதான். பையனுக்குக் கூச்சம், எழுப்பி நிறுத்திப் பேச வை, தமிழில் பேசினால் தடு, தப்பு விட்டால் அங்கேயே திருத்து, தண்ணீரில் தள்ளிவிட்டால் நீச்சல் தானே வரும். பெற்றோர் கூட்டத்திலும் இதைத்தான் சொல்கிறோம், அவர்களும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். பெரும்பகுதி தவறு.

கூச்சம் என்கிறார்கள். அதே பையன்தான் இடைவேளையில் கிரிக்கெட்டுக்கு ஆள் பிரிக்கும்போது எல்லாரையும் அதட்டுகிறான். அதே பெண்தான் தமிழ் மன்றப் பட்டிமன்றத்தில் பேசிக் கைதட்டு வாங்குகிறாள். ஆங்கிலப் பாடவேளைக்கு மணி அடித்ததும் வந்து, அடுத்த மணிக்குப் போய்விடுவதைச் சுபாவம் என்று எப்படிச் சொல்வது? 1986இல் எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்களும் மொழி வகுப்புப் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். இந்தப் பதற்றம் அந்த வகுப்பறைச் சூழலிலேயே பிறப்பது, ஆளின் பொதுவான பயந்த சுபாவத்தோடு இதைச் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். அப்படியானால் நாம் பார்க்க வேண்டியது வகுப்பை.

“கேள்வி கேட்டேன், பதிலே வரவில்லை” என்பது அடுத்த புகார். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கர் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1970களில் எழுதினார். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, “தெரியாது” குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அதுவும் தாய்மொழியிலேயே படித்த பிள்ளைகள் பெரும்பாலும் இருந்த வகுப்புகள். நம் பிள்ளை கேள்வியைப் புரிந்துகொண்டு, பதிலை மனத்தில் தமிழில் அமைத்து, ஆங்கிலச் சொல் தேடி, காலம் சரியா என்று ஒருமுறை பார்த்து முடிப்பதற்குள் முதல் பெஞ்சிலிருந்து பதில் வந்துவிடுகிறது. இவன் கணக்கில் ‘தெரியாது’ என்று எழுதிவிடுகிறோம். மூன்று விநாடி வாயை மூடிக்கொண்டு நிற்பது உண்மையில் ஆசிரியருக்குத்தான் கஷ்டம்.

எழுப்பி நிறுத்தும் வைத்தியத்துக்கு வருவோம். கணக்குப் போட்டாலே அது நிற்காது. 40 பிள்ளைகள், 40 நிமிடம். ஆசிரியர் ஒரு சொல்லும் பேசாவிட்டால்கூட ஆளுக்கு ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தையும் 39 பேர் திரும்பிப் பார்க்கும்போது பேச வேண்டும். தண்ணீரில் தள்ளும் உவமை சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கிணற்றில் நீச்சல் பழக்கிய நம் ஊர்ப் பெரியவர்கள் முதுகில் சுரைக்குடுக்கை கட்டித்தான் பிள்ளையை இறக்கினார்கள்.

வகுப்பில் அந்தக் குடுக்கைக்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் பிராங்க் லைமன் 1981இல் எழுதியது: முதலில் தனியாக யோசி, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல், அதன்பின் வகுப்புக்குச் சொல். நோட்டில் இரண்டு வரி குறித்துக்கொண்டு, பெஞ்சுத் தோழியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தவளுக்கு, எழுந்து நிற்கும்போது அது இரண்டாவது முறை. ஒரே நேரத்தில் 20 பேர் பேசுகிறார்கள். சத்தம் வரும், தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

தமிழைத் தடுத்தால் ஆங்கிலம் வரும் என்பது இவற்றில் மிகக் கெட்டியான நம்பிக்கை. தமிழ் பேசினால் அபராதம் போடும் தனியார் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. நல்ல ஆங்கிலம் ஏற்கெனவே வீட்டில் கேட்ட பிள்ளைக்கு அபராதம் ஒரு பொருட்டே இல்லை. மற்றவனுக்கு அது மௌனமாக இருக்க ஒரு காரணம். “இத இங்கிலீஷ்ல எப்டிடா சொல்றது?” என்று பக்கத்துப் பையனிடம் கேட்கவாவது தமிழ் வேண்டாமா?

பேச்சைக் கட்டாயப்படுத்தாமல் மொழி கற்பிப்பதற்கான பாடம் நமக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. 1979 முதல் 1984 வரை, அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு, பெங்களூரு, சென்னை, கடலூர் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். ‘பெங்களூரு திட்டம்’ என்று உலகம் அறிந்தது அதுதான். இலக்கணப் பட்டியல் கிடையாது. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்து விடை கண்டுபிடிக்கும் வேலைகள். பிள்ளை ஒரு எண்ணையோ ஒற்றைச் சொல்லையோ சொன்னால் போதும், ஆசிரியர் அதை முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போவார். பேச்சை யாரும் பிடுங்கவில்லை. பிரபு குழுவேலையை விரும்பியதில்லை, பிள்ளைகள் ஒருவர் தப்பை இன்னொருவர் பழகிக்கொள்வார்கள் என்று அஞ்சினார். அந்த இடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. 40 பேர் வகுப்பில் மௌனம்தான் பெரிய தப்பு.

உடனுக்குடன் திருத்துவது பற்றி நீட்ட வேண்டாம். “ஹி கோ டு மார்க்கெட்” என்றவனிடம் “ஓ, ஹி கோஸ் டு த மார்க்கெட்! வென்?” என்று கேட்டாலே திருத்தமும் ஆயிற்று, பேச்சும் தொடர்ந்தது.

இப்போது அந்த உண்மை. பேச வைக்க வேண்டும் என்பது சரிதான். காதால் கேட்டுக்கொண்டே இருந்தால் நாக்குத் தானே திரும்பும் என்று மென்மனம் படைத்த சில ஆசிரியர்கள் மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷனைத் துணைக்கு அழைத்து, அமைதியான பிள்ளையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கனடாவில் பாடங்களைப் பிரெஞ்சில் கேட்டு வளர்ந்த, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் பேச்சில் இலக்கணம் தடுமாறியதை மெரில் ஸ்வெயின் 1985இல் காட்டினார். பேசினால்தான் தனக்கு எது தெரியாது என்பதே பிள்ளைக்குத் தெரிகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நீளும் மௌனத்தைப் ‘பக்குவம்’ என்று விட்டுவிடுவதும் கைகழுவல்தான்.

“போர்ஷனை யார் முடிப்பது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாநிலப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே போகிறது. ஆனால் பாடத்தின் முடிவில் வரும் வினா விடையை எப்படியும் வகுப்பில் எழுதவைக்கிறோம். கரும்பலகையில் விடையை எழுதிப் போடுவதற்குமுன், அதே வினாவை ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லட்டும். பிறகு சொன்னதை எழுதட்டும். அதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை.