கட்டிலை விட்டு எழுந்தால்தான்

மாரடைப்பு வந்து வீடு திரும்பியவருக்குக் குடும்பம் முதலில் போடும் தடை மாடிப்படிக்கு. அடுத்தது காய்கறிப் பைக்கு. குடிக்கத் தண்ணீர்கூட கட்டிலுக்கே வந்துவிடும். இந்தப் பாசம்தான் வில்லன். படுத்தே கிடந்தால் உடல் வலுவிழக்கும், இதயமும்தான்.

மேலைநாடுகளில் இவர்களைப் படிப்படியாக நடமாட வைக்கத் தனிப் பயிற்சி மையங்கள் உண்டு. இந்தியாவில் பெருநகரங்களைத் தாண்டினால் அபூர்வம். மாற்றாக டாக்டர் துரைராஜ் பிரபாகரன் குழுவினர் பரிசோதித்தது யோகா. 24 மருத்துவமனைகள், 3,959 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு மூன்று மாதங்களில் 13 வகுப்புகள். மற்றவர்களுக்கு ஆலோசனை மட்டும்.

2020இல் வெளியான முடிவில் யோகா ரசிகர்கள் துள்ளிக் குதிக்க ஏதுமில்லை. மறு மாரடைப்பிலோ மரணத்திலோ உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் யோகா செய்தவர்கள் பழைய வேலைகளுக்குத் திரும்புவதில் முந்தினார்கள். 10 வகுப்புகளாவது வந்தவர்களுக்கு ஆபத்தும் குறைவு. (திடமானவர்கள்தான் தவறாமல் வந்தார்களோ என்னவோ.)

தொடங்குவதைவிடத் தொடர்வதுதான் கஷ்டம். துணைக்கு மனைவியோ மகனோ நடந்தால் பாதி வேலை முடிந்தது. டாக்டர் அனுமதித்ததும் தினமும் ஐந்து, பத்து நிமிட நடை போதும்; பிறகு கூட்டலாம். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. நெஞ்சு வலித்தால் உடனே நிற்க வேண்டும். வலி அடங்காவிட்டால் நேராக ஆஸ்பத்திரிக்கு.