மணி ஐயரா, எம்.டி.ஆரா?

புனேயில் எங்கள் வீட்டில் ஞாயிறு காலை காபியோடு இந்தச் சண்டை நிச்சயம். நண்பர் மதுரை மணி ஐயர் கட்சி. அந்த ஸ்வரங்களுக்கு ஈடேது என்பார். நான் எம்.டி.ராமநாதன் கட்சி. அவர் சஹானாவை அவசரமில்லாமல் பாடினால் எனக்கு ஊர் ஞாபகம் வந்து தொண்டை அடைக்கும்.

அவரவர் ரசனை, தீர்ப்பு வேண்டாம். ஆனால் பழைய 78 ஆர்.பி.எம். தட்டையும் கச்சேரிப் பதிவையும் ஒப்பிடாதீர்கள். தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான். வித்வான் முழுசாகக் கிடைப்பது கச்சேரியில்தான், சபை இருமலோடு.

இன்னொன்று. பாட்டைப் பகிரும்போது பக்கவாத்தியம் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்றும் எழுதுங்கள். அப்பாவின் கேசட் ஒன்றில் 'தோடி' என்று மட்டும் இருக்கிறது. அபாரமான வயலின். வாசித்தது யாரென்று கேட்க இப்போது அப்பா இல்லை.