பட்டணங்களின் ஜனத்தொகை

சென்னைப் பட்டணத்தின் ஜனத்தொகை எவ்வளவு? இக்கேள்விக்கு விடை சுலபமென்று எண்ணுவோர் 2011-ம் வருஷத்துக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பாராக. 174 சதுர கிலோமீட்டர் கொண்ட பழைய நகரசபை எல்லைக்குள் சுமார் 46½ லட்சம் பேர். அவ்வருஷம் அக்டோபரில் 426 சதுர கிலோமீட்டராக விஸ்தரிக்கப்பட்ட எல்லைக்குள் சுமார் 67 லட்சம். சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுதியிலோ சுமார் 86½ லட்சம். பட்டணம் ஒன்று, கணக்கும் ஒன்று, தொகை மட்டும் மூன்று!

உலக விவகாரமும் இவ்வாறே இருக்கிறது. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் 2018-ல் டோக்கியோவை 3 கோடி 70 லட்சம் ஜனங்களுடன் முதலிடத்தில் வைத்தது; ஜகார்த்தாவுக்குச் சுமார் ஒரு கோடியே கொடுத்தது. 2025-ல் அளவுகோல் மாறியது. ஜகார்த்தா சுமார் 4 கோடி 20 லட்சத்துடன் முதலிடம் பெற்றது. ஏழு வருஷத்தில் அங்கே மூன்று கோடிப் பேர் புதிதாகக் குடியேறிவிடவில்லை. நகரமென்பதற்கு வகுத்த எல்லைதான் மாறிற்று.

மதிப்பீடே வேண்டாமென்பது நமது கக்ஷியன்று. நாளைக்கு வேண்டிய குடிநீரையும், சாக்கடையையும், ஆஸ்பத்திரியையும் இன்றே திட்டமிட மதிப்பீடு அவசியம். ஆனால் மதிப்பீட்டிற்கு அஸ்திவாரம் நேரான தலையெண்ணிக்கையே. 1881 முதல் பத்து வருஷத்துக்கொரு முறை நடந்துவந்த அக்கணக்கு, 2021-ல் கொரோனா நோயை முன்னிட்டு ஒத்திவைக்கப்பட்டது. 2027 மார்ச் 1-ந் தேதியை ஆதாரமாகக் கொண்டு எடுப்பதென 2025 ஜூனில்தான் அறிவிப்பு வெளியாயிற்று. அஸ்திவாரம் பழசானால் அதன்மேல் எழுப்பும் மதிப்பீடு எவ்விதம் உறுதியாக நிற்கும்?

இது வெறும் கணித விவாதமன்று. 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராம ஜனங்களில் நூற்றுக்கு 75 பேர், நகர ஜனங்களில் 50 பேர் வரை தானியத்துக்கு உரியவரென்றது. அந்தத் தொகை 2011-ம் வருஷத்துக் கணக்கைக் கொண்டே வகுக்கப்பட்டது. பின்னர் பெருகிய ஜனங்கள் அக்கணக்கில் இல்லை. அவர்களுடைய பசி மட்டும் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கான்சாபுரம் போன்ற ஊர்களின் வாசகர்கள், பட்டணத்துக் கணக்கு நமக்கேன் என்று இருந்துவிடலாகாது. பிழைப்பைத் தேடிப் பட்டணம் சென்ற பிள்ளைகளைக் கணக்கெடுப்போர் அங்கே எழுதாமல் விட்டு, இங்கே ஊரில் இல்லாதவரென்று நீக்கினால், தேசத்தின் ஏட்டில் அவர்களுக்கு இடமே இராது. இரண்டிடத்திலும் எழுதினாலோ ஏடு பொய்யாகும். வசிக்குமிடத்தில் ஒரு முறை, ஒரே முறை, பெயர் பதியும்படி செய்வது தேசத்தொண்டர் ஒவ்வொருவரின் கடமையாகும். எண்ணப்படாத பிரஜைக்குப் பங்கும் இல்லை. அவன் குரலுக்கு மதிப்பும் இல்லை.